ஒன்பதேகால் இறாத்தல் பிள்ளை

நான் படித்த பிள்ளை. இருபத்தாறு வயதில் என்னைப் பிடித்திருந்த ஒரே வியாதி அதுதான். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு எப்போதும் நல்ல புள்ளி. அதனால் உலகத்தில் உள்ள எதையும் கூட்டி, கழித்து, பெருக்கிச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கணக்கு ஒரு பக்கம், கைப்பழக்கம் இன்னொரு பக்கம் என்று எனக்கு ஒருவரும் முன்கூட்டியே சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். படித்த பிள்ளையல்லவா?)

எழுபதுகளின் நடுப்பகுதி. மருத்துவப் படிப்பு முடிந்து பயிற்சி டொக்டராக நான் வந்து சேர்ந்த இடம் என் சொந்த ஊரான திருகோணமலை. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பிழை முழுவதும் என்னுடையது, கட்டடம் பாவம் என்ன செய்யும்? பிரசவ வார்ட்டின் யன்னலில் நின்றால் கடல் தெரியும். மூதூர் லோஞ்சுப் படகு வருவதும் போவதும் தெரியும். அந்த லோஞ்சில் எனக்கு என்ன வந்து இறங்கப் போகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் நிறையைப் பிறக்கும் முன்பே சொல்வது எங்கள் பயிற்சியில் ஒரு பகுதி. இப்போது போல வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் யந்திரம் அப்போது எங்களிடம் இல்லை. கை இரண்டையும் வயிற்றில் வைத்து, தலை எங்கே, முதுகு எங்கே, சுற்றித் தண்ணீர் எவ்வளவு என்று தடவிப் பார்த்து, ஒரு மதிப்புச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்கு அல்ல. தாய் சிறியவளாகவும் பிள்ளை பெரியதாகவும் இருந்தால் பிரசவம் நடுவழியில் நின்றுவிடும். அதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

எங்கள் வார்ட்டில் இதற்கென்றே ஒரு கொப்பி இருந்தது. நிறைக் கொப்பி என்று பெயர். பிரசவத்துக்கு முன் யார் யார் வயிற்றைப் பார்த்தார்களோ அவர்களெல்லாம் தங்கள் மதிப்பை அதில் எழுத வேண்டும். பிள்ளை பிறந்து தராசில் ஏறியதும் உண்மையான நிறையை வார்ட்டின் மூத்த தாதி மேரி மிஸ்ஸி சிவப்பு மையால் எழுதுவார். சனிக்கிழமை மத்தியானம் பெரிய டொக்டர் கொப்பியை எடுத்துச் சத்தமாக வாசிப்பார். அந்தக் கிழமையில் ஆகப் பெரிய பிழை விட்டவர் வார்ட்டுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதமும் வார்ட் முழுவதும் என் தயவில் ரோல்ஸ் தின்றது. ஏழு இறாத்தல் என்று நான் எழுதினால் ஐந்தரை பிறக்கும். சரி, அடுத்ததைக் குறைப்போம் என்று ஆறு எழுதினால் எட்டரை பிறந்து என்னைப் பார்த்து அழும். தேநீர்க்கடைக்காரர் சனிக்கிழமைகளில் என்னைக் கண்டதுமே கடதாசிப் பையை விரிக்கத் தொடங்கினார். மேரி மிஸ்ஸியோ நடந்துபோகிற போக்கில் ஒரு கையை வைத்து, "ஆறே முக்கால்," என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளையும் மரியாதையாக ஆறே முக்காலில் பிறக்கும். என்னோடு பயிற்சிக்கு வந்த சிவபாலனும் கையாலேயே சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன்.

"வசந்தா, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிற மாதிரி நினையும்," என்றார்.

கண்ணை மூடினேன். நித்திரை வந்தது. (பயிற்சி டொக்டர்களுக்குக் கண்ணை மூடினால் வேறு எதுவும் வராது.)

அப்போதுதான் புத்தகத்தில் ஒரு சூத்திரம் கண்ணில் பட்டது. அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை நாடாவால் அளந்து, வந்த சென்ரிமீற்றரில் பன்னிரண்டைக் கழித்து, நூற்றைம்பத்தைந்தால் பெருக்கினால் பிள்ளையின் நிறை கிராமில் வரும். அதை நானூற்றைம்பத்து நாலால் பிரித்தால் இறாத்தல். கழித்தல், பெருக்கல், பிரித்தல்! எனக்குக் கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது. வார்ட்டில் அளவுநாடா இல்லாதபடியால், அம்மாவின் தையல் மெசின் லாச்சியில் இருந்த துணி நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

"பத்திரமாக் கொண்டு வா. அது என்ர கலியாணத்துக்கு முந்தின நாடா," என்றார் அம்மா.

மூன்று கிழமை நான் ராணி. கொப்பியில் என் எழுத்துக்கும் சிவப்பு மைக்கும் கால் இறாத்தலுக்கு மேல் வித்தியாசம் இல்லை. சிவபாலன் ரோல்ஸ் வாங்கினார். மேரி மிஸ்ஸி கூட ஒருநாள் வாங்கினார். அன்றைக்கு நான் இரண்டு தின்றேன். பெரிய டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "முன்னேற்றம்," என்றார். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சொல் வந்தாலே பெரிது. அந்தச் சொல்லை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைத் தெரு முழுவதும் சொன்னார்.

"பெட்டியை அளந்து உள்ளுக்குள்ள இருக்கிற சாமானின்ர நிறையைச் சொல்லுறீர். ஒரு நாளைக்குப் பிழைக்கும்," என்றார் சிவபாலன். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பெரிய டொக்டர் சுத்தத்தைப் பற்றிப் பேசினார். ஒரு தாயின் வயிற்றைத் தொட்ட எதையும் கழுவாமல் இன்னொரு தாயில் வைக்கக் கூடாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள், அதோடு விட்டார்கள். நான் படித்த பிள்ளை. எனக்கு அது போதவில்லை. கத்தரிக்கோலும் இடுக்கியும் அவிக்கிற பெரிய சட்டிக்குள் என் நாடாவையும் போட்டு, கொதிக்கக் கொதிக்க அரை மணித்தியாலம் அவித்தேன். பிறகு எடுத்து யன்னல் கம்பியில் வெயிலில் காயப்போட்டேன். அன்றைக்கு மட்டுமல்ல, திங்கள் தொடங்கி வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் பின்னேரம் அதே பூசை. மேரி மிஸ்ஸி சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "டொக்டர், என்ன நூடில்ஸா?" என்று கேட்டார். அறிவியல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் பதில் சொன்னேன்.

சனிக்கிழமை கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கும் நாள். மூதூரிலிருந்து லோஞ்சில் வருவார்கள், கிண்ணியாவிலிருந்து வருவார்கள், நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். அன்று நான் அளந்த வயிறுகள் எல்லாமே பெரிய வயிறுகளாக இருந்தன. எட்டரை, எட்டே முக்கால், ஒன்பது. நாடாவில் சந்தேகம் வந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை. அந்த மாதம் குடாவில் மீன் நன்றாகப் பட்டிருந்தது. மீன் தின்று பிள்ளைகள் கொழுத்துவிட்டன என்று முடிவு கட்டினேன். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொழும்புக்கு அனுப்புவதற்குத் தலைப்புக் கூட யோசித்துவிட்டேன்.

அந்த வரிசையில்தான் ஜெமீலா வந்தாள். மூதூர்ப் பெண். நாலடி பத்தங்குலம். முதல் பிள்ளை, நாளும் கிட்டியிருந்தது. பயத்தில் கட்டிலின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புருசன் காசிம் மூதூரில் பிடவைக்கடை வைத்திருப்பவர். மெலிந்த, நேர்த்தியான மனிதர். சேட்டின் மடிப்பு ஒன்றுகூடக் குலையாமல் லோஞ்சில் வந்திருந்தார்.

அளந்தேன். முப்பத்தொன்பது. பன்னிரண்டு போக இருபத்தேழு. பெருக்கினேன், பிரித்தேன். ஒன்பதேகால் இறாத்தல்.

மேரி மிஸ்ஸி கையை வைத்துப் பார்த்து, கொப்பியில் ஏழு என்று எழுதினார். சிவபாலன் ஏழேகால் என்று எழுதினார். பெரிய டொக்டரும் வந்து தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு எட்டுக்குள்ளதான் தெரியுது," என்றார். "நீர் வடிவா அளந்தனீரா?"

"ஓம் சேர். இன்னொருக்கா அளக்கிறன், பாருங்கோ."

அவருக்கு முன்னாலேயே அளந்தேன். முப்பத்தொன்பது. அவர் நாடாவைப் பார்த்தார், அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தார், மூன்று கிழமையாகச் சிவப்பு மைக்குப் பக்கத்தில் நின்ற என் எழுத்தைப் பார்த்தார்.

"இந்த உடம்பு ஒன்பது இறாத்தலைத் தாங்காது. பிழைச்சாலும் பாதுகாப்பான பக்கமாப் பிழைப்பம்," என்றார். "செவ்வாய் காலையில ஒப்பரேஷன்."

ஜெமீலா விம்மி அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்வதற்குப் பதிலாக நான் செய்த வேலையைக் கேளுங்கள். காசிம் மெதுவாக வந்து, "டொக்டர், புள்ள எத்தனை இறாத்தல் வரும்?" என்று கேட்டார். பொதுவாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒன்பதேகால். கொஞ்சமும் கூடாது, குறையாது," என்றேன்.

ஜெமீலாவை வார்ட்டிலேயே வைத்துக்கொண்டோம்; காசிம் மட்டும் ஊருக்குத் திரும்பினார். மூதூருக்கு லோஞ்சு போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் சனத்துக்குக் கதையைத் தவிர வேறு வேலை இல்லை. நான் கொடுத்த ஒன்பதேகால், நடுக்கடலில் பத்தாகி, இறங்குதுறையில் பத்தரையாகி, பிடவைக்கடை வாசலுக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஆகியிருந்தது. (கணக்குப் படிக்காத சனம் என்னைவிட நன்றாகப் பெருக்கும்.)

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்ன எச்சரிக்கை வந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை. அம்மா என் பையிலிருந்த நாடாவை எடுத்து, தன் பழைய கொப்பியில் எழுதி வைத்திருந்த என் அளவுகளைப் பார்த்து எனக்கு ஒரு பிளவுஸ் தைத்தார். போட்டுப் பார்த்தேன். கை ஏறவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஏற்றினேன், கொக்கி எட்டவில்லை.

"கண்டபடி ரோல்ஸ் தின்டா இப்பிடித்தான்," என்றார் அம்மா. "கலியாணம் பேசிற வயசில இப்பிடிக் கொழுத்தா ஆர் பொம்பிளை பாக்க வருவினம்?"

அன்று முதல் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன். நாடா பாவம், லாச்சிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்து உண்மையைச் சொல்லப் பார்த்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஒப்பரேஷன் ஒன்பது மணிக்கு. கருவிகள் எல்லாம் அவித்தாயிற்று, பெரிய டொக்டர் வந்து கை கழுவுவதுதான் மிச்சம். ஆனால் ஜெமீலாவின் பிள்ளைக்கு எங்கள் நேரசூசி தெரியவில்லை. விடியவே வலி தொடங்கி, ஏழரைக்கெல்லாம் பிள்ளை தலை காட்டிவிட்டது. தியேட்டருக்குக் கொண்டு போகலாமா என்று நாங்கள் ஓடித் திரிவதற்கிடையில், மேரி மிஸ்ஸியின் கையில் வழுக்கிக்கொண்டு வந்து இறங்கியது. ஒரு தையல் கூடத் தேவைப்படவில்லை. பெண்பிள்ளை. நல்ல குரல். ஜெமீலா கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தராசில் போட்டார்கள். ஏழு இறாத்தல்.

மேரி மிஸ்ஸி சிவப்புப் பேனையை எடுத்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூட இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அரை மணித்தியாலத்துக்கு முன்னால் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பிரசவம் நடந்திருந்தது. புவனேஸ்வரி என்று பக்கத்துச் சல்லி ஊரைச் சேர்ந்த பெண், நல்ல உயரம். வலியோடு வந்து இறங்கியபடியால் நான் அவளை அளக்கவே இல்லை. (அளந்திருந்தால் பதின்மூன்று இறாத்தல் சொல்லியிருப்பேன்.) அவளுக்கும் பெண்பிள்ளை. ஒன்பது இறாத்தலும் கொஞ்சமும். கன்னம் இரண்டும் தொங்க, நாட்டாண்மைக்காரர் மாதிரிப் படுத்திருந்தது.

காலை லோஞ்சு வந்தது. மூதூரிலிருந்து காசிமும், காசிமின் உம்மாவும், அவர்களோடு பன்னிரண்டு இறாத்தல் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு லோஞ்சுச் சனமும் வந்தார்கள். வார்ட் வாசலில் தடுத்தும் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். உம்மா கனத்த குரல்காரி. ஏழு பிள்ளை பெற்றவர். பேத்திக்கென்று தைத்துக் கொண்டுவந்த சட்டையை விரித்தார். அது ஆறு மாதப் பிள்ளைக்கு அளவான சட்டை. பிள்ளையை அதற்குள் போட்டார். பிள்ளை காணாமல் போய்விட்டது. சட்டைக்குள் கையை விட்டுத் தேடி எடுத்து, தூக்கிப் பார்த்து, என்னிடம் திரும்பினார்.

"டொக்டர், மிச்சம் எங்க?"

யாரோ சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை. அவர் கண் மெல்ல நகர்ந்து, பக்கத்துக் கட்டிலில் கன்னம் தொங்கக் கிடந்த பிள்ளையில் போய் நின்றது.

"அந்தா இரிக்கி எங்கட புள்ள," என்றார்.

புவனேஸ்வரி எழும்பி உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்ன கதை இது? ஒன்பது மாசம் நான் சுமந்தனான். என்ர பிள்ளையில ஆரும் கை வச்சால் தெரியும்!"

"உம்மா, இது என்ட புள்ளதான்," என்றாள் ஜெமீலா. "நான் கண்ணை மூடவே இல்ல. பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

"நோவில உனக்கென்ன தெரியும் மகள்? நீ சும்மா இரி."

இப்போது நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலைதான். 'நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்' என்ற மூன்று சொல். சொன்னேனா? அவ்வளவு சனத்துக்கு முன்னால், சிவபாலன் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது? என் வாயிலிருந்து வந்தது இது:

"தராசு பிழையா இருக்கலாம்."

மேரி மிஸ்ஸி குசினிக்கு ஆள் அனுப்பி, அரிசி நிறுக்கிற இரண்டு இறாத்தல் படிக்கல்லை எடுப்பித்தார். பிள்ளைத் தராசில் வைத்தார். முள் இரண்டிலே போய் நின்று அசையவில்லை.

உம்மா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தராசும் சரி. டொக்டரும் படிச்சவ, அவவும் சரி. அப்ப புள்ளதான் பிழை," என்றார். பிள்ளையை ஜெமீலாவின் கட்டிலில் கிடத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

சிரித்துச் சிரித்து எத்தனையோ தரம் சொன்ன கதை இது. ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை. ஜெமீலா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பெற்று ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அவள் பிள்ளையை அவள் வீட்டாரே தொட மாட்டோம் என்று நிற்கிறார்கள். ஊருக்குப் போனால் 'மாறின பிள்ளை' என்ற பெயர் அந்தப் பிள்ளையோடு லோஞ்சில் ஏறிப் போகும். கலியாணம் பேசும் வயதிலும் விடாது. என் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணால் வந்த வினை.

"நான் சொன்னதுதான் பிழை," என்றேன். திரும்பவும் சொன்னேன். "நான்தான் பிழையா அளந்திட்டன். இது ஜெமீலாவின்ர பிள்ளைதான்."

இவ்வளவு பிந்தி வந்த உண்மையை யார் நம்புவார்கள்? "ஆஸ்பத்திரியைக் காப்பாத்தச் சொல்றா," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. உம்மா கையைக் கட்டிக்கொண்டார்.

"எப்படிப் பிழைக்கும் டொக்டர்?" என்று கேட்டார் காசிம். கோபம் இல்லை, விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்புத்தான். "எதால அளந்தீங்க?"

நாடாவை எடுத்து நீட்டினேன். காசிம் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். ஒரு தரம் இழுத்தார். மணந்தும் பார்த்தார்.

"இது துணியெல்லா?"

"ஓம்."

"தண்ணி பட்டதா?"

"அவிச்சனான்," என்றேன். "சுத்தத்துக்காக."

"எத்தனை தரம்?"

"அஞ்சு."

பெரிய டொக்டர் வாசலில் வந்து நின்றதை அப்போதுதான் கண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

காசிம் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. "டொக்டர், முதல் தண்ணிக்கே துணி சுருங்கும். நாங்க கடையில வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லித்தான் வெட்டுற. நீங்க அஞ்சு தண்ணி அவிச்சிரிக்கீங்க."

பிறகு தான் கொண்டுவந்த பார்சலைப் பிரித்தார். உள்ளே வெள்ளை வொயில் துணி, பிள்ளைக்கென்று எடுத்து வந்தது. "இது என்ட கையால, கடைக் கோலால அளந்து வெட்டின ரெண்டு யார். எழுபத்திரண்டு அங்குலம். உங்கட நாடாவால அளங்க."

கட்டிலில் துணியை விரித்து அளந்தேன். ஒரு முனையைச் சிவபாலன் வந்து பிடித்தார். நாடா ஒரு தரம் முடிந்து, திரும்ப வைத்து, கடைசி முனைக்கு வந்தது. வார்ட் முழுவதும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"எண்பது," என்றேன்.

உம்மாதான் குனிந்து அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். நாற்பது வருடமாக அறிந்த மகன்.

"எட்டு அங்குலம் கூடவா?" என்றார்.

"உம்மா, நீங்களே சொல்லுங்க. நான் எண்டைக்காவது கூட வெட்டியிருக்கனா?"

"நீயா?" உம்மாவின் குரல் உயர்ந்தது. "நான் செத்தா என்னைச் சுத்துற மௌத்துச் சீலையையும் நீ சரியா அளந்துதான் வெட்டுவாய். நீ எட்டு அங்குலம் கூடக் குடுக்கமாட்டாய். எட்டு நூல் கூடக் குடுக்கமாட்டாய்!" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நாடாதான் பிழை. புள்ள எங்கடதான்."

புத்தகம், சூத்திரம், தராசு, படிக்கல், டொக்டரின் வாக்குமூலம் எதுவும் செய்யாத வேலையை ஒரு பிடவைக்கடைக்காரரின் கைச்சிக்கனம் செய்தது. உம்மா பிள்ளையை வாரி எடுத்து, அந்தப் பெரிய சட்டையை நாலாக மடித்துச் சுற்றி, முகமெல்லாம் கொஞ்சினார். பிறகு பக்கத்துக் கட்டிலுக்குப் போய்ப் புவனேஸ்வரியின் தலையையும் தடவி, "கோவிக்காத மகள், உன்ட புள்ளயும் நல்லா இரிக்கட்டும்," என்றார். புவனேஸ்வரி பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான், "ஓம், ஓம்," என்றாள்.

நான் ஜெமீலாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இந்தப் பிள்ளைக்கு அவசரம் வந்திராவிட்டால், என் ஐந்து தண்ணி நாடாவை நம்பி ஒன்பது மணிக்கு அவள் வயிற்றைக் கீறியிருப்போம். அதை அவளிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அவவுக்கு உங்களில நம்பிக்கை இல்லப் போல. அதுதான் முந்திக்கொண்டு வந்திட்டா," என்றாள் பிள்ளையைக் காட்டி. அந்த வார்ட்டில் அன்று சரியாக மதிப்புப் போட்ட ஆள் அந்தப் பிள்ளைதான்.

பெரிய டொக்டர் என்னை ஏசவில்லை. "நானும்தானே நம்பினனான்," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். பிறகு ஒரு ஆணியை எடுப்பித்து, நிறைக் கொப்பிக்கு மேலே சுவரில் அடித்து, அந்த நாடாவை அதில் தொங்கவிட்டார். சனிக்கிழமை எல்லாத் தாய்மாரையும் திரும்பக் கூப்பிட்டுப் புது நாடாவால் அளந்தோம். குடாவின் மீன் தின்று கொழுத்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் மெலிந்துபோயின. மீனைப் பற்றிய கட்டுரை எழுதப்படவில்லை. ரோல்ஸ் நான்தான் வாங்கினேன்; தேநீர்க்கடைக்காரர், "கன நாளாக் காணேல்லை," என்று சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு மேரி மிஸ்ஸிக்குப் பக்கத்தில் நின்று கையை வைத்து வைத்துப் பழகினேன். கண்ணை மூடாமல்.

அம்மாவுக்கு உண்மை தெரிந்ததும் முதலில் பிளவுஸைப் பிரித்தார். பிறகு தன் கலியாணத்துக்கு முந்தின நாடாவுக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அடுத்த வருடம் சிவபாலனைக் கட்டினேன். அது பெரிய பிழை என்று இந்தக் கதை வரும் ஒவ்வொரு தரமும் தோன்றும். எந்தப் பிளவுஸ் இறுகினாலும், "நாடாவை அவிச்சிட்டீர் போல," என்பார். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கிடைத்த புள்ளியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "எத்தனை தண்ணி அவிச்சது?" என்று கேட்பது வீட்டில் வழக்கமாகிவிட்டது. இப்போது மருமக்களும் கேட்கிறார்கள்.

அந்த வருடப் பெருநாளுக்கு மூதூர் லோஞ்சில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. வெள்ளை வொயில் துணி. கடிதம் ஒன்றும் இல்லை; கடையின் பெயர் அடித்த கடதாசி மட்டும் சுற்றியிருந்தது. அம்மா புதிதாக வாங்கிய நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, மேசையில் விரித்து அளந்தார். அளந்துவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பவும் அளந்தார்.

இரண்டு யாரும் எட்டு அங்குலமும் இருந்தது.